டெபியனோடு பத்து வருடம்: யாரை நம்பி ரூட் பாஸ்வேர்டு கொடுப்பது?

என் மேசையில் பத்து வருடமாக ஓடுவது டெபியன், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் ஒரு லினக்ஸ் வகை இயங்குதளம். தொழில் வரிக் கணக்கு பார்ப்பது. கணினி படித்தவன் இல்லை. "கவர்ன்மென்ட் எட்டிப் பார்க்கக் கூடாதுன்னு மாறினீங்களா சார்?" என்று கேட்பவர்களிடம் உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு லினக்ஸைக் காட்டியதே அரசாங்கம்தான். அக்கா மகனுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக், டெபியனை அடிப்படையாக வைத்துச் செய்தது அது. பையன் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. ஒரு பொங்கல் விடுமுறையில் நான்தான் உட்கார்ந்து நோண்டினேன்.

முழுதாக மாறியது விண்டோஸ் 10 வந்த பிறகு. பயன்பாட்டுத் தகவலை அது தன் நிறுவனத்துக்கு அனுப்பும். என்னிடம் இருந்த பதிப்பில் அதைக் குறைக்கலாம், அடியோடு நிறுத்த முடியாது. ஊரார் பான் எண், வங்கிக் கணக்கு எல்லாம் என் கணினியில் கிடக்கிறது. அதெல்லாம் போகிறது என்று நான் சொல்ல வரவில்லை. போகவில்லை என்று பார்த்துத் தெரிந்துகொள்ள எனக்கு வழி இல்லை, அதுதான் உறுத்தல். இதில் ஒரு வேடிக்கை: 2003லிருந்தே மைக்ரோசாஃப்ட் ஒரு திட்டத்தின் கீழ் விண்டோஸ் மூல நிரலை, அதாவது அதை எழுதிய வரிகளை, அரசாங்கங்களுக்குப் பார்க்கக் கொடுக்கிறது. பூட்டு நமக்குத்தான்.

முதல் ஒன்றிரண்டு வருடம், மூல நிரலை யாரும் பார்க்கலாம் என்கிற திறந்த மூலம் என்றாலே சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் இருக்கும், எந்த நிரல் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் எஸ்.இ.லினக்ஸ் அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. செய்து 2000இல் வெளியிட்டது என்று படித்தேன். நம் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அதுதான் காவல் நிற்கிறது. அன்று கொஞ்சம் ஆடிப்போனேன். ஆனால் 2018இல் நடந்தது வேறு. அதே என்.எஸ்.ஏ. வடிவமைத்த ஸ்பெக் என்ற குறியாக்க முறை கர்னல் 4.17இல் சேர்ந்தது, 4.20இல் தூக்கிவிட்டார்கள். அதில் பின்கதவு, அதாவது ரகசியமாக உள்ளே நுழையும் வழி, இருப்பதாக யாரும் நிரூபிக்கவில்லை. கொடுத்த ஆள் மேல் பலருக்குச் சந்தேகம். விலை குறைந்த போன்களுக்காக அதைக் கேட்ட கூகுளும் கடைசியில் வேறு முறைக்குப் போய்விட்டது. அந்தச் சண்டையை என்னைப் போன்றவனும் வரி வரியாகப் படிக்க முடிந்தது. பாதி புரியவில்லை என்பது வேறு விஷயம்.

விண்டோஸ் பக்கம் 2017 மே மாதம். அப்போது என் கணினி தவிர எங்கள் ஆடிட்டர் அலுவலகம் முழுக்க விண்டோஸ். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை பரவுகிறது என்றதும் எல்லா நெட்வொர்க் ஒயரையும் பிடுங்கிப் போட்டோம். என்.எஸ்.ஏ. கண்டுபிடித்து, சொல்லாமல் தன் கையில் வைத்திருந்த ஓட்டை, வெளியே கசிந்து வந்த வினை அது. மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே பேட்ச் கொடுத்துவிட்டது. அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தது நாங்கள். பழியை முழுக்க அவர்கள் தலையில் கட்ட மனம் வரவில்லை.

அதற்காக லினக்ஸ்காரர்கள் காலரைத் தூக்கிவிடவும் முடியாது. 2024 மார்ச் 30, சனிக்கிழமை, நிதியாண்டுக் கடைசி. இருக்கிற வேலையில் தலை நிமிர நேரமில்லை. எக்ஸ்-இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் பின்கதவு என்று செய்தி. ஜியா டான் என்ற பெயரில் யாரோ இரண்டு வருடத்துக்கு மேல் உதவி செய்வதுபோல் கூடவே இருந்து, தனி ஆளாகப் பராமரித்து அலுத்துப்போனவரிடமிருந்து சாவியை வாங்கியிருக்கிறார். பின்னால் ஏதாவது அரசு இருந்ததா என்பதற்கு இன்றுவரை ஊகம்தான். டெர்மினலைத் திறந்து பதிப்பு எண் பார்த்தேன்: 5.4.1. விஷம் இருந்தது 5.6.0, 5.6.1இல். புதுப் பதிப்புகளை எடுப்பதில் டெபியனின் பழம்பஞ்சாங்க வேகத்தை அதுவரை திட்டிக்கொண்டிருந்த நான் அன்று மட்டும் வாயை மூடிக்கொண்டேன். கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், தொலைவிலிருந்து இன்னொரு கணினிக்குள் நுழையும் எஸ்.எஸ்.எச். லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று விடாமல் தோண்டியவர். வேலை பார்ப்பது மைக்ரோசாஃப்டில்! கையில் மூல நிரல் இருந்ததால் தோண்ட முடிந்தது. ஆனால் அவர் அந்த அரை நொடியைச் சட்டை பண்ணாமல் விட்டிருந்தால்? ஆயிரம் கண் பார்க்கிறது என்பார்கள். அன்று பார்த்தது ஒரு ஜோடிக் கண்.

சரி, என் நிலவரம். கர்னலில் ஒரு வரிகூட நான் படித்ததில்லை, இனியும் படிக்கப்போவதில்லை. தப்பு நடந்தால் மூடி மறைக்க முடியாத இடம் என்பதால் டெபியனில் இருக்கிறேன். அந்த நிம்மதியைக் கெடுத்தது ஒரு டோக்கன்.

ரிட்டர்ன் தாக்கல் செய்ய டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். அது இருக்கும் யு.எஸ்.பி. டோக்கனுக்கு டிரைவர் வேண்டும். விற்றவர்கள் லினக்ஸுக்கும் ஒன்று கொடுத்தார்கள். மூல நிரல் கிடையாது, நிறுவ, கணினி முழுவதையும் திறந்துவிடும் ரூட் பாஸ்வேர்டு கேட்டது. போதாக்குறைக்குப் பின்னணியில் எப்போதும் ஓடும் இன்னொரு நிரல். ஒரு மணி நேரம் பாஸ்வேர்டை அடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். இந்தச் சந்தேகத்துக்காகத்தானே விண்டோஸை விட்டேன்? கடைசி நாள் நெருங்கியதும் அடித்துவிட்டேன். அடுத்த டெபியன் பதிப்புக்கு மாறியதும் அந்த டிரைவர் வேலை செய்யவில்லை. கேட்டால், "விண்டோஸில் போட்டுப் பாருங்க சார்" என்றார்கள்.

இப்போது டோக்கனுக்கென்றே ஒரு பழைய விண்டோஸ் மடிக்கணினி அலமாரியில் இருக்கிறது. வாடிக்கையாளர் கோப்பு எதையும் அதில் தங்க விடுவதில்லை. கையெழுத்து போட்டதும் அழித்துவிடுவேன். செப்டம்பரில் அதை வெளியே எடுத்தால் முதல் ஒரு மணி நேரம் அப்டேட் ஓடும். வானாக்ரை நினைவில் இருப்பதால் நிறுத்துவதில்லை. டீ குடித்துவிட்டு வருவேன்.