ஹோமாவா, டிரைகிளிசரைடா, சி-பெப்டைடா? டைப் 2 வந்த பிறகு இன்சுலின் எதிர்ப்பை எதை வைத்து அளப்பது

ஏழு வருட இடைவெளியில் எடுத்த இரண்டு லேப் ரிப்போர்ட்டுகளை மேசையில் அருகருகே விரித்து வைத்திருந்தேன். பழையதில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 110, இன்சுலின் 20. புதியதில் சர்க்கரை 200, இன்சுலின் 7. இரண்டையும் பெருக்கி 405ஆல் வகுத்தால் வருவதுதான் ஹோமா-ஐஆர் என்கிற எண். பழையது 5.4, புதியது 3.5. கணக்குப்படி என் இன்சுலின் எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கிவிட்டது. சர்க்கரையோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஏறியிருக்கிறது.

டாக்டரிடம் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். “எதிர்ப்பு குறையல சார். எதிர்க்கறதுக்கு இருந்த இன்சுலின்தான் குறைஞ்சுபோச்சு.”

இந்தப் பரிசோதனைகளை ஒப்பிடும்போது மனதில் வைக்கவேண்டியது இது ஒன்றுதான். டைப் 2 சர்க்கரை நோயில் இரண்டு கோளாறுகள் சேர்ந்தே இருக்கின்றன. தசை, கல்லீரல், கொழுப்பு ஆகியவை இன்சுலின் சொன்னதைச் சரியாகக் கேட்பதில்லை. அதை ஈடுகட்ட அதிகமாகச் சுரந்து சுரந்து கணையத்தின் பீட்டா செல்களும் ஓய்ந்துபோகின்றன. பிரிட்டனில் 1977இல் தொடங்கி இருபது வருடம் நடந்த யூகேபிடிஎஸ் ஆய்வின் மதிப்பீட்டின்படி, நோய் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே பீட்டா செல்களின் திறன் ஏறக்குறைய பாதியாகிவிட்டிருக்கிறது. இணையத்தில் பாராட்டப்படும் பரிசோதனைகளில் பெரும்பாலானவை இன்னும் சர்க்கரை வராதவர்களுக்குப் பொருந்துபவை. கணையம் முழு வீச்சில் வேலை செய்யும்வரை, ரத்தத்தில் இன்சுலின் கூடுதலாக இருந்தால் எதிர்ப்பும் கூடுதல் என்று துணிந்து சொல்லலாம். நம் விஷயத்தில் அந்தத் துணிவு கூடாது.

உரைகல் ஒன்று உண்டு, ஆனால் கைக்கு எட்டாது

இன்சுலினுக்கு எல்லா உடம்பும் ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை என்பதை 1936இலேயே ஹரோல்ட் ஹிம்ஸ்வொர்த் காட்டிவிட்டார். குளுக்கோஸைக் குடிக்கக் கொடுத்து, கூடவே இன்சுலின் ஊசியும் போட்டார். சிலருக்குச் சர்க்கரை அடங்கியது, சிலருக்கு அடங்கவில்லை. ரத்தத்திலுள்ள இன்சுலினையே அளக்க முடிந்தது பிறகு, 1960 வாக்கில், ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கொண்டுவந்த முறையால். நடுவயதில் சர்க்கரை வந்தவர்களிடம் இன்சுலின் இல்லாமல் இல்லை, தாராளமாகவே இருக்கிறது என்று அப்போது தெரியவந்தது பலரைத் திகைக்க வைத்தது. யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

எதிர்ப்பை நேரடியாக அளக்கும் உரைகல், ரால்ஃப் டிஃப்ரான்சோவும் சக ஆய்வாளர்களும் 1979இல் விவரித்த ‘கிளாம்ப்’ முறை. ஒரு கையில் இன்சுலின் சொட்டு நிற்காமல் ஏறும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து, சர்க்கரை ஒரே அளவில் நிற்கும்படி குளுக்கோஸையும் ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். எவ்வளவு அதிகமாகக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கிறதோ அவ்வளவு நன்றாக உடம்பு இன்சுலினுக்குப் பணிகிறது. கொஞ்சமே போதுமென்றால் எதிர்ப்பு அதிகம். பல மணி நேரம், இரண்டு ஊசிக்குழாய், பக்கத்தில் பயிற்சி பெற்ற ஆள். ஆராய்ச்சிக்கூடத்துக்கு வெளியே யாரும் இதைச் செய்வதில்லை. மற்ற பரிசோதனைகள் எல்லாம் இதன் விடைக்கு எவ்வளவு கிட்டே வருகின்றன என்பதில்தான் போட்டி.

ஹோமா: எல்லோரும் கேட்பது, எளிதில் ஏமாற்றுவது

ஆக்ஸ்ஃபோர்டில் 1985இல் உருவான கணக்கு. தேவைப்படுவது ஒரே ஒரு வெறும் வயிற்று ரத்தம். சர்க்கரை மி.கி. அளவில் இருந்தால் 405ஆல் வகுக்க வேண்டும், மில்லிமோலில் இருந்தால் 22.5ஆல். சர்க்கரை 90, இன்சுலின் 5 உள்ளவருக்கு விடை 1.1. இரண்டு, இரண்டரைக்கு மேல் போனால் எதிர்ப்பு என்று பல இடங்களில் எடுத்துக்கொள்கிறார்கள். உலகம் முழுவதற்கும் ஒப்புக்கொண்ட ஒரே எல்லைக்கோடு கிடையாது.

இதிலுள்ள முதல் சிக்கல் நான் மேலே சொன்னது. பலரும் விட்டுவிடும் ஒரு விஷயம், இதே இரண்டு எண்களிலிருந்து கணையத்தின் திறனையும் கணக்கிடலாம் என்பது. ஹோமா-பி என்று பெயர். இன்சுலினை 360ஆல் பெருக்கி, சர்க்கரையிலிருந்து 63ஐக் கழித்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். என் பழைய ரிப்போர்ட்டில் அது 153, புதியதில் 18. ஹோமா-ஐஆர் மறைத்த கதையை இந்த எண் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டது. ஐஆரை மட்டும் அச்சடித்துக் கொடுக்கும் ரிப்போர்ட் கைக்கு வந்தால், கால்குலேட்டரை எடுத்து இந்த இரண்டாவது கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது சிக்கல், இன்சுலின் என்ற அளவே நிலையில்லாதது. கணையம் அதைச் சீராக ஒழுகவிடுவதில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அலை அலையாக வெளியேற்றுகிறது. அதனால்தான் ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று மாதிரி எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும் என்று இந்த முறையை வகுத்தவர்கள் சொன்னார்கள். நடைமுறையில் ஒரு குத்தோடு வேலை முடிந்துவிடுகிறது. லேபுக்கு லேப் கருவியும் வேறு, வரும் எண்ணும் வேறு. போன தடவை ஒரு இடம், இந்தத் தடவை இன்னொரு இடம் என்று போய்விட்டு இரண்டையும் ஒப்பிட்டால் உங்கள் உடம்பை ஒப்பிடவில்லை, இரண்டு கருவிகளை ஒப்பிடுகிறீர்கள்.

ஒருமுறை என் இன்சுலின் 4 என்று வந்து சந்தோஷப்பட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியைப் படித்தேன்: மாதிரியில் சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன. சிவப்பணுக்களுக்குள் இன்சுலினைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. எடுக்கும்போது அவை உடைந்தால் டியூபிலேயே இன்சுலின் கரையும், எண் பொய்யாகக் குறையும். முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் சில கருவிகளில் இதேபோல் குறைத்துக் காட்டும். ரத்தம் கொடுக்கப் போகும்போது அதைச் சொல்லிவிடுவது நல்லது.

மருந்துகளும் கணக்கைக் குழப்பும். சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகள் கணையத்தைத் தட்டி இன்சுலினைக் கூட்டுகின்றன. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகள் சர்க்கரை, இன்சுலின் இரண்டையும் குறைக்கின்றன. இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கோ ஹோமா அர்த்தமற்றது. போட்ட ஊசியையும் சேர்த்தே கருவி எண்ணிவிடலாம், சில நவீன இன்சுலின்களைப் பாதி மட்டும் எண்ணலாம், சிலவற்றைப் பார்க்காமலே விட்டுவிடலாம்.

கொழுப்புப் பரிசோதனையில் ஒளிந்திருக்கும் விடை

தனியாக எந்தப் பரிசோதனையும் வேண்டாம் என்கிற கட்சி இது. ரத்தத்தில் ஓடும் கொழுப்பான டிரைகிளிசரைடை, ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்.டி.எல்.லால் வகுத்தால் போதும். 180க்கு 40 என்றால் 4.5. மி.கி. கணக்கில் 3ஐத் தாண்டினால் எதிர்ப்பு இருக்கலாம் என்பது பரவலான அளவுகோல். எதிர்ப்பு இருக்கும்போது கல்லீரல் டிரைகிளிசரைடை அதிகமாக வெளியே தள்ளும், எச்.டி.எல். இறங்கும். அந்த இழுபறிதான் இந்த விகிதத்தில் தெரிகிறது. எல்லா இனத்தவருக்கும் இது ஒரேபோல் வேலை செய்வதில்லை. ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் எதிர்ப்பு இருந்தும் டிரைகிளிசரைடு ஏறாமல் இருப்பது வழக்கம், அங்கே இந்த விகிதம் கோட்டைவிட்டுவிடும்.

இதன் உடன்பிறப்பு டிஒய்ஜி குறியீடு. டிரைகிளிசரைடையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் பெருக்கி, பாதியாக்கி, இயல் மடக்கை எடுக்க வேண்டும். 180, 130 என்றால் 9.37. ஆய்வுக் கட்டுரைகளில் இதற்கு இப்போது நல்ல மவுசு. எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. கணக்குக்குள்ளேயே சர்க்கரை இருக்கிறதே! ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவருக்குச் சர்க்கரை ஏறினால் இந்த எண்ணும் ஏறத்தான் செய்யும். அது எதிர்ப்பால் ஏறியதா, கணையம் ஓய்ந்ததால் ஏறியதா என்று இந்த எண் பிரித்துச் சொல்லாது. டிரைகிளிசரைடுக்கென்று மாத்திரை எடுப்பவருக்கு இன்னும் குழப்பம்.

ஆகவே இரண்டில் ஒன்று என்றால் எனக்கு டிரைகிளிசரைடு–எச்.டி.எல். விகிதமே மேல். வருடா வருடம் எப்படியும் எடுக்கும் பரிசோதனையில் இருக்கிறது. இதயத்துக்கும் பயன்படும் தகவல். அடக்கமானது. தன்னால் முடிந்ததைவிட அதிகமாகச் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாது.

குளுக்கோஸ் தண்ணீர் குடித்துவிட்டுப் பல தடவை இன்சுலின் பார்க்கும் முறைகளும் உண்டு. 1999இல் வந்த மட்சுடா குறியீடு அந்த வகை. சர்க்கரை வருவதற்கு முன் ஒளிந்திருக்கும் எதிர்ப்பைக் கண்டுபிடிக்க அவை உதவும். வந்தாகிவிட்டவருக்கு அத்தனை குத்தும் குளுக்கோஸும் எதற்கு?

நான் அதிகம் நம்புவது சி-பெப்டைடை

கணையம் இன்சுலினைத் தயாரிக்கும்போது ஒரு நீளமான மூலக்கூறை வெட்டுகிறது. வெட்டில் ஒரு பக்கம் இன்சுலின், மறு பக்கம் சி-பெப்டைடு. ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் இரண்டும் வெளியே வருகின்றன. இன்சுலினில் ஏறக்குறைய பாதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொள்கிறது. மிச்சமும் சில நிமிடங்களில் போய்விடும். சி-பெப்டைடைக் கல்லீரல் தொடுவதில்லை, அது அரை மணி நேரக் கணக்கில் ரத்தத்தில் தங்குகிறது. ஊசி இன்சுலினில் சி-பெப்டைடு இல்லை. ஆகவே ஊசி போடுபவரிடமும் அவருடைய கணையம் எவ்வளவு உழைக்கிறது என்பதைத் தனியாகப் பார்க்கலாம்.

கேட்கப்படும் கேள்விக்கு இது நேர் விடை இல்லைதான். எதிர்ப்பை அளக்காது, உற்பத்தியை அளக்கும். ஆனால் சர்க்கரை உயரமாக இருக்கும்போது சி-பெப்டைடும் தாராளமாக இருந்தால், இன்சுலின் இருக்கிறது, உடம்புதான் கேட்கவில்லை என்று பொருள். அதே சர்க்கரைக்குச் சி-பெப்டைடு தாழ்ந்திருந்தால், உடம்பைத் திட்டிப் பயனில்லை, சரக்கே இல்லை. லிட்டருக்கு 0.2 நானோமோலுக்குக் கீழே போனால், அது டைப் 2தானா என்றே மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும். மருந்தை மாற்றும் அளவுக்குச் சேதி சொல்லும் பரிசோதனை இந்த வரிசையில் இது ஒன்றுதான். எனக்கு மாற்றியது. கணையத்தைத் தட்டும் மாத்திரையைக் கூட்டலாமா என்ற பேச்சு நின்று, இரவு ஊசி தொடங்கியது.

இதற்கும் நிபந்தனைகள் உண்டு. கூடவே சர்க்கரையையும் பார்க்காவிட்டால் எண்ணைப் புரிந்துகொள்ள முடியாது. சி-பெப்டைடை வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு என்பதால், சிறுநீரகம் பழுதானவருக்கு அளவு உயர்ந்தே நிற்கும். சர்க்கரை எக்கச்சக்கமாக எகிறி ஆஸ்பத்திரியில் கிடந்த கையோடு எடுத்தால், திணறிப்போன கணையம் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். இரண்டு வாரமாவது விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

டியூப் இல்லாமலே தெரிவது

கழுத்தின் பின்பக்கம், அக்குளில் தோல் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால் அதை அழுக்கென்று தேய்த்துக் கழுவுபவர்கள் உண்டு. உயர்ந்த இன்சுலின் தோலில் எழுதும் எழுத்து அது. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டினால் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஊசி போடுபவர்களுக்கு இன்னொரு குறிப்பு: நாளொன்றுக்கு உடல் எடையின் கிலோவுக்கு 1 யூனிட்டுக்கு மேல் தேவைப்பட்டால் எதிர்ப்பு கணிசமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஊசி போடும் இடம் கட்டித்துப்போய் மருந்து சரியாக ஏறாமலிருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சியை இந்தப் பந்தயத்தில் சேர்க்கவேண்டாம். அது விளைவைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

டைப் 2 உள்ள எல்லோரிடமும் எதிர்ப்பை எண்ணால் அளக்கச் சொல்லும் வழக்கம் பெரிய சிகிச்சை வழிகாட்டிகளில் இல்லை. அதில் நியாயம் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு எதிர்ப்பு இருப்பது தெரிந்ததே. நடை, எடை, தூக்கம், மெட்ஃபார்மின் என்று செய்யவேண்டியதும் எண்ணுக்கு எண் மாறப்போவதில்லை. சர்க்கரை திடீரென்று கைமீறும்போது, உடம்பு மெலிந்துகொண்டே மாத்திரை வேலை செய்யாமல் போகும்போது சி-பெப்டைடு பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஹோமா எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரே லேப், காலை ஒரே நேரம், எட்டு மணி நேரத்துக்குக் குறையாத பட்டினி, காய்ச்சலோ ஸ்டீராய்டு மருந்தோ இல்லாத நாள். சர்க்கரையை இறக்கும் காலை மாத்திரையையும் ஊசியையும் அன்று எப்போது எடுப்பது என்பதை முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் மேசையில் இப்போது மூன்றாவது தாள் ஒன்றும் இருக்கிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 118, டிரைகிளிசரைடு 130, எச்.டி.எல். 44. வகுத்தால் 3க்குச் சற்றுக் கீழே. இன்சுலின் என்ற கட்டம் காலியாக இருக்கிறது. இந்த முறை எடுக்கவில்லை.