கோபியில் அம்மாயியின் வயிற்றுப்புண்: மருந்து கிடைத்தது, விளக்கம்தான் கிடைக்கவில்லை

ஈரோட்டில் எண்டோஸ்கோப்பி (வாய்வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் பரிசோதனை) செய்துகொள்ள ஒரு காலைப்பொழுது போதும். அதன்பின் எழுதித் தரும் மருந்தை எந்த நேரத்தில் விழுங்க வேண்டும் என்று விளக்கும் ஆளைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. மெல்போர்னிலிருந்து கோபிசெட்டிபாளையத்துக்குப் போன எனக்கு, இந்த விடுமுறையில் பாதிப் பொழுது அம்மாயியின் (அம்மாவின் அம்மா) வயிற்றுப்புண்ணோடு கழிந்தது. ஊரில் வயதானவர்களை விட்டுவந்திருக்கும் எல்லோருக்கும் இது உதவும்.

அம்மாயிக்கு நெடுநாளாக முழங்கால் வலி. பக்கத்து மருந்துக் கடையில் அட்டையை வெட்டி நாலைந்து மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுவார்கள். நான் கேட்டுப் பார்த்ததில் அது டைக்ளோஃபெனாக். வலியைக் குறைக்கும் அதே வேலையில், இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் சளிப்படலத்தையும் அது பலவீனப்படுத்துகிறது. வீட்டிலோ, நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்த புண் என்று சொல்லி, அத்தை நாள்தோறும் மணத்தக்காளிக் கீரை கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். கீரை நல்ல உணவுதான். ஆனால் இரைப்பைப் புண்ணுக்கு முதன்மையான காரணங்கள் இரண்டு: இத்தகைய வலி மாத்திரைகள் ஒன்று, ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி மற்றொன்று. இந்தக் கிருமியைக் கண்டறிந்ததற்காக பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

பரிசோதனையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரவு முழுவதும் வெறும் வயிறு, தொண்டை மரத்துப்போக ஒரு ஸ்ப்ரே, சில நிமிடங்களில் குழாய் வெளியே வந்துவிட்டது. புண்ணிலிருந்து சிறு துணுக்குகளை எடுத்துத் திசு ஆய்வுக்கு அனுப்பினார்கள். கிருமிக்கான சோதனை முடிவு அன்றே வந்தது. மெல்போர்னின் அரசு மருத்துவமனையாக இருந்தால் முறை வருவதற்கே நெடுநாள் காத்திருக்க வேண்டும்.

குறை அதற்குப் பின்னால். சீட்டில் காலையில் அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் மாத்திரை, மூன்று வேளை புண்ணைக் காக்கும் சுக்ரால்ஃபேட் சிரப், 'சாப்பாட்டுக்கு முன்'. அவ்வளவுதான். மருத்துவமனைக்குள் இருந்த மருந்தகத்தில் பேனாவால் மூன்று கோடு போட்டுக் கொடுத்து, அடுத்தவரை அழைத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு பெட்டியிலும் நோயாளியின் பெயரும் சாப்பிடும் முறையும் அச்சிட்ட சீட்டு ஒட்டித் தருவார்கள். எழுபது வயதைத் தாண்டியவருக்கு ஒரு கோடு எதைச் சொல்லும்?

பிப்ரவரி 2025இல் தமிழகமெங்கும் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களில் ஒன்றுக்கு, பான்டோப்ரசோல் மலிவாகக் கிடைக்கும் என்று போனேன். அங்கிருந்த மருந்தாளுநர் பெண் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பாட்டி வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார்களுங்களா?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. அம்மாயி பல ஆண்டுகளாகக் காலையில் தைராய்டு குறைபாட்டுக்கான தைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறார்.

சுக்ரால்ஃபேட் வயிற்று அமிலம் பட்டதும் பசைபோல் குழைந்து, புண்ணின்மேல் ஒட்டிக்கொள்கிறது. உடம்புக்குள் மிகக் குறைவாகத்தான் உறிஞ்சப்படுகிறது. ஆனால் கூடவே விழுங்கும் மற்ற மருந்துகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தைராக்சினுக்கும் அதற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சோறு உள்ளே போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுத்தால்தான் அது புண்ணில் நன்றாக ஒட்டும். இதையெல்லாம் சொன்னவர், மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொண்டு, ஒரு தாளில் தமிழில் எழுதியும் கொடுத்தார். ஐந்து மணிக்குத் தைராக்சின், ஐந்தரைக்குப் பான்டோப்ரசோல், ஆறேகாலுக்குச் சிற்றுண்டி, பதினொன்றுக்குச் சுக்ரால்ஃபேட், பன்னிரண்டுக்குச் சோறு, மாலை ஆறுக்கு மறுபடி, ஏழுக்கு இரவுச் சாப்பாடு, படுக்கும்போது கடைசி வேளை. அந்தப் பெண்ணுக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம்.

இன்னும் இரண்டு கேள்விகள் கேட்டார்: சர்க்கரை உண்டா, சிறுநீரகம் எப்படி? சிரப்பில் சர்க்கரை சேர்ந்திருக்கலாம். சுக்ரால்ஃபேட்டில் அலுமினியம் இருப்பதால், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது உடம்பில் தங்கிவிடும். அம்மாயிக்கு இரண்டுமில்லை; மலச்சிக்கல் மட்டும் வந்தது. வீட்டு அலமாரியில் ஏற்கெனவே மாமா வாங்கிவைத்த இளஞ்சிவப்பு சிரப் ஒன்று இருந்தது. அதில் சுக்ரால்ஃபேட்டோடு மரத்துப்போகச் செய்யும் மருந்தும் கலந்திருந்தது. எரிச்சல் அடங்கிவிடுவதால் புண் ஆறிவிட்டதாக நினைத்து, அம்மாயி வலி மாத்திரையையும் விடாமல் விழுங்கியிருக்கிறார். எனக்கு மிகவும் வருத்தமளித்தது இதுதான். காரணத்தை நிறுத்தாமல் எந்தக் காப்பு மருந்தைக் கொடுத்தாலும் முழுப் பயன் கிடைக்காது. இப்போது முழங்காலுக்குப் பாராசிட்டமாலும் பயிற்சியும்.

மலம் தார்போல் கறுத்தாலோ, வாந்தியில் இரத்தம் வந்தாலோ காத்திராமல் 108ஐ அழைக்கும்படி அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். திசு ஆய்வில் பயப்பட ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. ஆனாலும் இரைப்பைப் புண் என்பதால், ஆறிவிட்டதா என்று எட்டு வாரத்தில் மறுபடி எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டும். பரிசோதனைக்கு முன்பே அம்மாயி பான்டோப்ரசோல் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால், கிருமி இல்லை என்று வந்த முடிவை முழுமையாக நம்ப முடியாது. மருத்துவர் சொல்லும்போது அந்த மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு அதையும் திரும்பப் பார்க்க வேண்டும். தைராய்டு இரத்தப் பரிசோதனையையும் அப்போதே செய்துவிடுவதாக மாமா ஒப்புக்கொண்டிருக்கிறார்.