சென்னையில் குடியேறுமுன் கூகுள் எர்த்: பழைய படங்களே பெரும்பயன்

சென்னையில் குடியேற இடம் தேடுபவர்கள் வாடகையையும், பள்ளி எவ்வளவு தொலைவு என்பதையும் காட்டும் இணைய வரைபடங்களையே முதலில் திறக்கிறார்கள். அவை தேவைதான். ஆனால் 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் தத்தளித்ததையும் கண்ட இந்த நகரத்தில், ஒரு மனை முன்பு என்னவாக இருந்தது என்று பார்க்காமல் முன்பணம் கொடுப்பது சரியன்று. அதைப் பார்ப்பதற்காகவே, செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் கூகுள் எர்த்தைப் பரிந்துரைக்கிறேன்.

கணினியில் நிறுவும் கூகுள் எர்த் புரோ 2015 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. மேலே உள்ள கடிகாரக் குறியை அழுத்தினால் காலக்கோடு ஒன்று தோன்றும். அதைப் பின்னோக்கி நகர்த்தினால் அதே இடத்தின் பழைய படங்கள் ஒவ்வொன்றாக வரும். முதலில் பள்ளிக்கரணையைப் பாருங்கள். பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த அந்தச் சதுப்பு நிலத்தின் ஓரங்களில் சாலைகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எவ்வாறு நெருங்கி வந்தன என்பதை வேறு எந்த விளக்கமும் இல்லாமலே புரிந்துகொள்ளலாம். பிறகு நீங்கள் தேர்ந்தெடுத்த தெருவுக்கு வந்து, அருகிலுள்ள ஏரியின் கலங்கல் (நிரம்பிய நீர் வழிந்து வெளியேறும் இடம்) எங்கே இருக்கிறது, அதிலிருந்து புறப்படும் போக்குக்கால்வாய் எந்த வழியாகச் சென்றது என்று தேடுங்கள். பழைய படத்தில் தெரியும் கால்வாய் புதிய படத்தில் காணாமல் போயிருந்தால், அந்தத் தெருவை நான் விட்டுவிடுவேன்.

இங்கே ஒரு கவனம் தேவை. மேகமற்ற நாள்களில் எடுத்த படங்களே தெளிவாக இருக்கும் என்பதால், வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களின் படங்கள் குறைவு. மே மாதப் படத்தில் வறண்ட ஏரி வெறும் மைதானம் போலத் தெரியும். அதை நம்பிவிடக் கூடாது. நல்ல மழை பெய்த ஆண்டுக்கு அடுத்து வரும் சனவரி, பிப்ரவரி மாதங்களின் படம் கிடைத்தால், நீர் உண்மையில் எதுவரை நிற்கும் என்பதை ஓரளவு அறியலாம்.

திரையின் அடியில், நிலம் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று காட்டும் எண்ணை நான் பொருட்படுத்துவதில்லை. அந்தத் தரவில் சில மீட்டர் வரை பிழை இருக்கலாம். தட்டையான சென்னையிலோ அரை மீட்டர் வேறுபாடே வீட்டுக்குள் நீர் வருமா வராதா என்பதை முடிவு செய்துவிடும். நிலப்பயன்பாட்டை அறிய, இஸ்ரோ 2009இல் தொடங்கிய புவன் என்ற இணைய வரைபடத் தளத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். பயண நேரத்துக்குக் கூகுள் மேப்ஸ் போதும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பார்க்காமல், புறப்படும் நேரமாகத் திங்கள் காலையைக் குறிப்பிட்டுப் பாருங்கள். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் வேலைக்குச் செல்பவர்களுக்கு இது மிக முக்கியம்.

தெருவுக்கு அடியில் மழைநீர் வடிகால் இருக்கிறதா, அது தூர்ந்து கிடக்கிறதா என்பதை இவை எதுவும் காட்டா. அதற்கு நேரில் சென்று, சுவர்களில் நீர் நின்ற கறை இருக்கிறதா, பக்கத்து வீட்டினர் வாசற்படியை உயர்த்திக் கட்டியிருக்கிறார்களா என்று பார்த்து, அங்கு நெடுங்காலமாகக் கடை வைத்திருப்பவரிடம் விசாரிக்க வேண்டும். பதினொரு மாத வாடகை ஒப்பந்தம்தானே என்று நினைப்பவர்களும், குறிப்பாகத் தரைத்தளத்தில் வீடு பார்ப்பவர்கள், இதைத் தவிர்க்க வேண்டாம். எந்த மாதத்தில் குடிபுகுந்தாலும் அந்தப் பதினொன்றுக்குள் ஐப்பசியோ கார்த்திகையோ வந்தே தீரும்.