நார்கான் மூக்கு ஸ்ப்ரே 4 எம்ஜி: போலீஸ் கார்ல இருக்கறது நம்ம வீட்லயும் இருக்கட்டும்

நார்கான்ங்கறது ஓபியாய்ட் (ஹெராயின், ஃபென்டனில், சில வலி மாத்திரை மாதிரி) ஓவர்டோஸ் ஆனவங்களுக்கு மூச்சை திருப்பி கொண்டு வர்ற ஸ்ப்ரே, உள்ள இருக்கற மருந்து பேரு நலாக்சோன். அஞ்சுக்கு நாலரை ஸ்டார். அரை ஸ்டார் கொறைச்சது விலைக்காக மட்டும் தான், மருந்துல ஒரு கொறையும் இல்ல.

நாங்க இருக்கறது பாஸ்டன் பக்கத்துல குயின்ஸி. இந்த ஊரு போலீஸ் தான் 2010ல அமெரிக்காவுலயே முதல் தடவையா ரோந்து போற எல்லா ஆபீசரும் நலாக்சோன் வச்சிருக்கணும்னு கட்டாயமாக்குனாங்க, லெப்டினன்ட் பேட்ரிக் க்ளின்னு ஒருத்தர் முன்னாடி நின்னு கொண்டு வந்தாரு. காரணம் ரொம்ப சிம்பிள், 911ங்கற அவசர நம்பர் அடிச்சா பல நேரம் ஆம்புலன்ஸுக்கு முன்னாடி வந்து நிக்கறது போலீஸ் கார் தான், ஹெராயினோ ஃபென்டனிலோ ஓவர்டோஸ் ஆகி மூச்சு நின்னு போனவங்களுக்கு சில நிமிஷம் தான் டைம், முதல்ல வர்ற ஆள் கையில மருந்து இல்லன்னா அந்த நிமிஷம் எல்லாம் வீணா போகுது.

அப்போ அவங்க வச்சிருந்தது இப்ப நாம வாங்கற ஸ்ப்ரே இல்ல. சிரிஞ்சுல மருந்து குப்பிய திருகி, முனையில ஸ்ப்ரே மூடி ஒண்ணு மாட்டி, பாதிய ஒரு மூக்குல பாதிய இன்னொரு மூக்குல அடிக்கணும், இதெல்லாம் ராத்திரி இருட்டுல, பக்கத்துல வீட்டு ஆளுங்க அழுதுட்டு இருக்கும்போது. 2015 நவம்பர்ல எஃப்டிஏ (அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு) ஒத்துக்கிட்ட இந்த நார்கான்ல அந்த பாடே இல்ல. கவரை பிரிச்சு, ஆளை மல்லாக்க படுக்க வச்சு, தலைய லேசா பின்னாடி சாய்ச்சு, நுனிய மூக்குக்குள்ள விட்டு அடியில அமுக்கினா போதும். ஊசி கிடையாது. வேலை செய்யுதான்னு முன்னாடியே அமுக்கி மட்டும் பாத்துடாதீங்க, ஒரு ஸ்ப்ரேக்கு ஒரு டோஸ் தான்.

எப்படி வேலை செய்யுதுன்னா, மூளையில ஓபியாய்ட் போய் உக்காந்து மூச்சை அடக்கற இடத்துலேர்ந்து நலாக்சோன் அத தள்ளி விட்டுட்டு தான் உக்காந்துக்கும். 2, 3 நிமிஷத்துல மூச்சு திரும்பணும், திரும்பலன்னா இன்னொரு மூக்குல ரெண்டாவது ஸ்ப்ரே, அதுக்குத்தான் பாக்ஸ்ல ரெண்டு வருது. ஆனா இது தாங்கறது 30லேர்ந்து 90 நிமிஷம் வரைக்கும் தான், அதுக்கப்புறமும் ஃபென்டனில் உடம்புல மிச்சம் இருந்தா மறுபடியும் மூச்சு நிக்கலாம், அதனால அவங்க எழுந்து உக்காந்து எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னாலும் விட்டுடாதீங்க, 911 கண்டிப்பா கூப்பிடணும், ஒருக்களிச்சு படுக்க வச்சு கூடவே இருங்க. ஓபியாய்டே எடுக்காத ஆளுக்கு தெரியாம குடுத்துட்டாலும் பெருசா ஒண்ணும் பண்ணாது, அதனால சந்தேகம் இருந்தா குடுத்துடறது தான் நல்லது.

கடையில 8 எம்ஜி ஸ்ப்ரே பத்தியும் சொல்லுவாங்க, ஃபென்டனிலுக்கு அது தான் வேணும்னு. வேண்டாம்னு தான் நான் சொல்லுவேன். நியூயார்க் ஸ்டேட் போலீஸ் 2022, 23ல ரெண்டையும் குடுத்து பாத்திருக்காங்க, ரெண்டுலயும் பொழைச்சவங்க 99 சதவீதம் கிட்ட, வித்தியாசமே இல்ல. ஆனா 8 எம்ஜி வாங்கினவங்கள்ல 38 சதவீதம் பேருக்கு வாந்தி மாதிரி விட்ராயல் (ஓபியாய்ட் திடீர்னு எறங்கும்போது வர்ற) தொந்தரவு, 4 எம்ஜில அது 19 சதவீதம் தான். பொழைச்சு வர்ற ஆளை எதுக்கு கூடுதலா கஷ்டப்படுத்தணும்?

நம்ம ஆளுங்க கிட்ட இத சொன்னா நம்ம வீட்ல யாரு போதை மருந்து எடுக்கறாங்கன்னு கேக்கறாங்க. எனக்கு உண்மையிலேயே கவலையா இருக்கறது இந்த பேச்சு தான். ஆபரேஷன் முடிஞ்சு வந்த ஆக்ஸிகோடோன் வலி மாத்திரை மிச்சம் அலமாரியில இருக்கும், ஊர்லேர்ந்து வர்ற அம்மா அப்பா பையில முட்டி வலிக்கு டிரமடால் இருக்கும், ரெண்டுமே ஓபியாய்ட் தான், தவழற கொழந்த எதையும் வாயில போடும். காலேஜ் பசங்க பரிச்சைக்கு முழிச்சிருக்க யாரோ குடுத்த மாத்திரைய வாங்கறாங்க, பாக்க அடரால் (கவனக்குறைவுக்கு டாக்டர் எழுதி குடுக்கற மாத்திரை) மாதிரியே இருக்கும், உள்ள ஃபென்டனில் கலந்திருக்கலாம், ஹெராயினை விட 50 மடங்கு வீரியம். அந்த பையன் அடிமை எல்லாம் இல்ல, ஒரே ஒரு மாத்திரை. ஹாஸ்டலுக்கு போற பிள்ளைங்க பையில கண்டிப்பா ஒரு பாக்ஸ் போட்டு விடுங்க, அவங்களுக்கு இல்லன்னாலும் ரூம்மேட்டுக்கு ஆகும்.

இன்னொண்ணு, ஃபென்டனில் பட்ட ஆளை தொட்டாலே நமக்கும் மயக்கம் வரும்னு போலீஸ் வீடியோ பாத்துட்டு பயப்படறவங்க இருக்காங்க, தோல்ல லேசா பட்டா அப்படி ஆகறதுக்கு வாய்ப்பே ரொம்ப கம்மின்னு 2017லயே விஷ முறிவு டாக்டர்ங்க சங்கங்கள் சொல்லியாச்சு. பயந்து ஒதுங்கி நிக்காதீங்க.

2023 மார்ச்ல டாக்டர் சீட்டு இல்லாம விக்க எஃப்டிஏ ஒத்துக்கிட்டாங்க, அந்த செப்டம்பர்லேர்ந்து கடையில அப்படியே வாங்கலாம். ரெண்டு ஸ்ப்ரே பாக்ஸ் 2023ல கடைக்கு வந்தப்போ 45 டாலர் கிட்ட, இது அதிகம் தான், கஷ்டப்படற குடும்பத்துக்கு தான் இது அதிகமா தேவைப்படுது. நான் போன பார்மசில பூட்டி வேற வச்சிருந்தாங்க, ஆள் வந்து தெறந்து குடுக்கறதுக்குள்ள பாதி பேர் கேக்க கூச்சப்பட்டு போயிடுவாங்க, வெளிய வைக்கணும். மாசசூசெட்ஸ்ல ஸ்டேட் புரோகிராம் வழியா ஃப்ரீயாவும் கிடைக்குது, முதல்ல அங்க கேளுங்க.

வைக்கறது ரூம் டெம்பரேச்சர்ல, 40 டிகிரி செல்சியஸுக்கு மேல போகக்கூடாது, உறையவும் கூடாது, அதனால ஜூலை வெயில்லயும் ஜனவரி குளிர்லயும் காருக்குள்ளயே விட்டுடாம ஹேண்ட்பேக்ல வச்சுக்கோங்க. புதுசா வர்ற பாக்ஸ் 4 வருஷம் தாங்கும், நாங்க ஒண்ணு கிச்சன்ல ஃபர்ஸ்ட் எய்ட் டப்பாவுல வச்சு எங்க இருக்குன்னு பசங்களுக்கும் காட்டியாச்சு.