படமாக வரும் டிக்கெட்டை வாங்காதீர்கள்: ஒரு ஸ்பர்ஸ் ரசிகன் இழந்த 570 டாலர்

என்றைக்காவது அமெரிக்கா போய் நம் அணியின் ஆட்டம் ஒன்றை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று காசு சேர்த்துக்கொண்டிருக்கும் என்பிஏ கூடைப்பந்து ரசிகர்கள், டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். 570 டாலர் கொடுத்து மூன்று டிக்கெட் வாங்கினேன். மூன்றும் ஸ்கிரீன்ஷாட். அவற்றைக் காட்டி அரங்கத்துக்குள் போக முடியாது என்பது வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது. நம் பணத்தில் ஏறக்குறைய 50,000 ரூபாய்.

ஸ்கிரீன்ஷாட்டுக்குப் போய் யாராவது அவ்வளவு பணம் கொடுப்பார்களா என்று கேட்பீர்கள். பிறர் கதையாக இருந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். ஆனால் அவற்றை விற்ற ஆள் என்னிடம் டிக்கெட்டைப் பற்றி முதலில் பேசவே இல்லை. ஸ்பர்ஸின் முன்னாள் வீரர் மனு ஜினோபிலியைப் பற்றிப் பேசினான்.

நான் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் ரசிகனானது 2005-இல். கோவையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி அணியில் இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், பெரும்பாலும் பெஞ்சில்தான். இடது கைக்காரன். அந்த ஜூனில் டெட்ராய்ட்டோடு இறுதித் தொடர் ஏழாவது ஆட்டம் வரை போனது. அர்ஜென்டினாவிலிருந்து வந்த இடது கைக்காரர் ஜினோபிலி, 1999-இல் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது 57-ஆவது ஆளாக, கடைசிக்கு முந்திய இடத்தில் எடுக்கப்பட்டவர், எதிரணிக்குள் புகுந்து புகுந்து போனதைப் பார்த்தேன். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். அங்கே இரவு 7.30 என்றால் நமக்கு மறுநாள் காலை 7 மணி; மார்ச்சில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் காலை 6. இருபது வருடமாக என் குளிர்கால விடியல்கள் இந்தக் கணக்கில்தான் போகின்றன. "பல்லு கூட விளக்காம பந்தா?" என்று அம்மா கேட்பதை நிறுத்தியே பத்து வருடம் இருக்கும்.

2019-இல் மும்பைக்கு சாக்ரமென்டோ, இந்தியானா அணிகள் வந்து ஆடியபோது நண்பர்கள் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. என் அணி வராத இடத்தில் எனக்கென்ன வேலை என்ற வீம்பு. அந்த வீம்புக்காரன்தான் இப்படி ஏமாந்தவன்.

அக்கா குடும்பம் டெக்சஸில் ஆஸ்டினில் இருக்கிறது. 2025 பிப்ரவரியில்தான் எனக்கு விடுமுறை அமைந்தது. ஸ்பர்ஸ் ரசிகனுக்குப் பிப்ரவரி ஆகாத மாதம். சான் அன்டோனியோவில் மாட்டுச் சந்தையும், ரோடியோ என்ற காளை, குதிரை சவாரிப் போட்டியும் அப்போது நடக்கும். அரங்கத்தை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதனால் 2003 முதல் ஒவ்வொரு பிப்ரவரியிலும் நம் அணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆடும். காளைக்கும் குதிரைக்கும் வீட்டைக் கொடுத்துவிட்டு வெளியே திரியும் அணி வேறு எங்கேயாவது உண்டா தெரியவில்லை. ஆனால் அந்த வருடம் பிப்ரவரி 20, 21 இரண்டு நாளும் ஆஸ்டினிலேயே, பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள மூடி சென்டர் என்ற அரங்கத்தில் ஆட்டம். சான் அன்டோனியோவிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் கணக்கில் அது ஹோம் ஆட்டம். அக்கா வீட்டிலிருந்து அரை மணி நேரம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

எங்கள் நட்சத்திர வீரர் வெம்பன்யாமா ஆடுகிறார் என்பதால் டிக்கெட் விலை ஏறிக்கொண்டே இருந்தது. வெளிநாட்டு ஸ்பர்ஸ் ரசிகர்களுக்கென்று நாங்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அதில் என் பயணத்தைப் பற்றி எழுதினேன். முதல் தவறு அதுதான். ஒரு மணி நேரத்துக்குள் தனிச் செய்தி வந்தது. தான் சான் அன்டோனியோக்காரன், 2005 முதல் சீசன் டிக்கெட் வைத்திருப்பவன் என்றான். நான் ரசிகனான அதே வருடம். குழுவில் நான் அதை எழுதியிருந்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

மூன்று நாள் பேசினோம், டிக்கெட்டைத் தவிர எல்லாவற்றையும். 2009 ஹாலோவீன் இரவில் அரங்கத்துக்குள் பறந்து வந்த வௌவாலை மனு கையாலேயே அடித்து வீழ்த்தியதையும், பிறகு வெறிநாய்க்கடிக்குப் போடும் ஊசியை அவர் போட்டுக்கொண்டதையும் நேரில் பார்த்தவன் போல வர்ணித்தான். மனுவோடு ஆடிய டங்கன் முகத்தில் எப்போது சிரிப்பு வரும், பயிற்சியாளராக இருந்த போப்பவிச் நிருபர்களை எப்படிக் கடிப்பார் என்றெல்லாம் சொன்னான். அப்புறம் 2013-இல் மயாமியுடன் ஆடிய ஆறாவது ஆட்டம். கோப்பை நம் கைக்கு வந்துவிட்டது என்று மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டத் தொடங்கிய நேரத்தில், 5.2 நொடி இருக்கும்போது மயாமியின் ரே ஆலன் மூலையிலிருந்து போட்டு அதைத் தட்டிப் பறித்த அந்த மூன்று புள்ளி. "அன்று நம் அரங்கத்தில் உட்கார்ந்து அழுதேன், சகோதரா" என்று எழுதினான். அன்று காலை சென்னையில் நானும் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவன். உருகிவிட்டேன்.

நான்காம் நாள், தனக்கு ஆஸ்டின் வர முடியவில்லை என்றும் மூன்று டிக்கெட் சும்மா இருக்கிறது என்றும் சொன்னான். கீழ் அடுக்கு. ஒன்று 190 டாலர். வெளிவிலையைவிடக் கொஞ்சம்தான் குறைவு. பாதி விலை சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன்.

அத்தானிடம் சொன்னேன். "மாப்ள, டிக்கெட்ட என் அக்கவுண்டுக்கு மாத்தி விடச் சொல்லு, வந்ததும் பணம் அனுப்பறேன்" என்றார். அதுதான் சரியான வழி. டிக்கெட் வைத்திருப்பவர் தன் கணக்கிலிருந்து நம் மின்னஞ்சலுக்கோ போன் எண்ணுக்கோ மாற்றிவிட வேண்டும். நாம் ஏற்றுக்கொண்டதும் அது அவர் கையை விட்டுப் போய்விடும். ஒரே டிக்கெட்டை இரண்டு பேருக்கு அப்படி மாற்ற முடியாது.

இதை அந்த ஆளிடம் கேட்டேன். ஆஸ்டின் ஆட்டங்களுக்கு மட்டும் மாற்றும் வசதியை ஆட்டத்தன்றுதான் திறப்பார்கள், அதுவரை கையில் இருக்கட்டும் என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறேன் என்றான். பகுதி எண், வரிசை, இருக்கை, பார்கோடு எல்லாம் அதில் இருந்தது. இன்னொருவரும் கேட்கிறார், ஆனால் 20 வருட ரசிகனுக்கே கொடுக்க ஆசைப்படுகிறேன் என்றும் சேர்த்தான். அத்தானை நான் நச்சரித்தேன். அக்காகூட, "அவனே இவ்வளவு தூரம் வந்திருக்கான், அனுப்பிவிடுங்க" என்றாள். வங்கிக் கணக்கிலிருந்து நேராக, தெரிந்தவருக்குக் கைமாற்று அனுப்புவது போல, 570 டாலரை அத்தான் அனுப்பினார். கார்டு வேண்டாம், கமிஷன் போய்விடும் என்று அந்த ஆள் சொன்னதன் காரணம் இப்போது புரிகிறது. கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் முறையிட்டுத் திரும்பக் கேட்க வழி இருந்திருக்கும்.

இதற்கு நடுவில் நான் உட்கார்ந்து எதைச் சரிபார்த்தேன் தெரியுமா? தேதியை. இந்திய நேரத்தில் 21 என்று காட்டுவது அங்கே 20-தானே என்று நான்கு தடவை பார்த்தேன். பெரிய விவரக்காரன்.

ஆட்டத்தன்று பகலில் செய்தி வந்தது. வெம்பன்யாமாவின் வலது தோள் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறது, சீசனின் மீதி ஆட்டங்களில் ஆட மாட்டார் என்று. வயிற்றைக் கலக்கியது. 21 வயதுப் பையன். ஆட்டத்தைப் பற்றிய ஏமாற்றம் அப்புறம்தான். டிக்கெட்டை மாற்றிவிடச் சொல்லி அந்த ஆளுக்கு எழுதினேன். "இந்தச் செய்தியில் மனம் உடைந்திருக்கிறேன், கொஞ்சம் பொறு" என்று பதில் வந்தது. அவனிடமிருந்து வந்த கடைசிச் செய்தி அது.

மாலையில் ஜினோபிலியின் 20-ஆம் எண் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். ஸ்கேன் செய்யும் வயதான அம்மாள் என் போனைப் பார்த்ததுமே கருவியைக் கீழே இறக்கிவிட்டார். படத்தை விரலால் தொட்டு, "இதில் எதுவும் நகரவில்லையே" என்றார். எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பையனிடம் அவன் டிக்கெட்டைக் காட்டச் சொன்னார். பார்கோடின் மேல் ஒரு கோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பார்கோடு சில நொடிக்கு ஒருமுறை தானாக மாறுமாம். படம் பிடித்து அனுப்பினால் வாங்கியவர் கைக்கு வருவதற்குள் அது செத்துவிடும். இன்று இப்படி வந்தவர்களில் நான்காவது குடும்பம் நாங்கள் என்றார். திட்டவில்லை. ஜெர்சியைப் பார்த்து, எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார். சென்னை என்று சொல்லும்போது குரல் சரியாக வரவில்லை.

காருக்குத் திரும்பி நடக்கும்போது அத்தான் ஒன்றும் பேசவில்லை. போனை நோண்டிக்கொண்டே வந்தவர், "மாப்ள, 48 டாலர்னு ஒண்ணு கிடக்கு, மேல் அடுக்கு. நீ போ. நாங்க எங்கயாவது சாப்பிட்டு வர்றோம்" என்றார். வெம்பன்யாமா இல்லை என்றதும் கடைசி நேரத்தில் விலை இறங்கியிருந்தது. முறையான தளத்தில், கார்டில் கட்டினார். ஒரு நிமிடத்தில் என் கணக்குக்கு மாற்றிவிட்டார். இந்திய எண்தான், எந்தத் தடங்கலும் இல்லை. அதே அம்மாளின் வரிசையில் போய் நின்றேன். கோடு ஓடுகிறதா என்று முதலில் நானே பார்த்துக்கொண்டேன்.

இடைவேளையில் உட்கார்ந்து அவன் எழுதியதையெல்லாம் முதலிலிருந்து படித்தேன். "அன்று நம் அரங்கத்தில் உட்கார்ந்து அழுதேன்." 2013 ஆறாவது ஆட்டம் நம் அரங்கத்தில் நடக்கவே இல்லை. மயாமியில் நடந்தது. அந்த 5.2 நொடியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய நான் அந்த வரியை மூன்று தடவையாவது படித்திருப்பேன். கண்ணில் படவில்லை.

பணம் வரவில்லை. நீங்களாக அனுப்பியது, நாங்கள் ஒன்றும் செய்வதற்கில்லை என்று வங்கி கைவிரித்துவிட்டது. காவல்துறையிலும், அந்நாட்டு மத்திய வணிக ஆணையத்தின் மோசடிப் புகார் பக்கத்திலும் அத்தான் புகார் பதிந்து வைத்திருக்கிறார். உங்கள் பணம் இந்தியக் கணக்கிலிருந்து போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் கைமாறுவதற்குள் சொன்னால்தான் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் சும்மா இருந்துவிடாதீர்கள். நாங்கள் அப்படித்தான் இருந்தோம்.

குழுவில் விஷயத்தைப் போட்டதும் மெக்சிகோவிலிருந்து ஒருவரும் பிலிப்பைன்ஸிலிருந்து ஒருவரும் தங்களுக்கும் இதே போல நடந்ததாகத் தனியாக எழுதினார்கள். அவனை நீக்கினோம். மார்ச் கடைசியில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் குழுவில் வணக்கம் சொல்லிவிட்டு வௌவால் கதையை எழுதினார். வேறு பெயர், வேறு எண். வரிக்கு வரி அதே கதை. 2013-இல் எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள் என்று கேட்டேன். அடுத்த நிமிடமே குழுவிலிருந்து வெளியேறிவிட்டார்.