பள்ளிக்கூடத்துக்கு லேசர் கட்டர்: டையோடா, டியூப்பா?

எங்கள் பள்ளி மதுரையில் மேலூர் சாலையில் இருக்கிறது. போன வருடம் பழைய மாணவர்கள் சேர்ந்து ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்து, "சார், பிள்ளைகள் கையால் செய்து பார்க்கிற மாதிரி ஏதாவது வாங்குங்க" என்றார்கள். 3டி பிரிண்டர் ஒன்று ஏற்கெனவே இருந்தது. ஒரு சாவிக்கொத்து அச்சாகி வர முக்கால் மணி நேரம். வகுப்பில் 40 பேர். முதல் நாலு பேர் பார்ப்பார்கள், மீதிப் பேர் ஜன்னலைப் பார்ப்பார்கள். லேசர் கட்டரில், அதாவது ஒளிக்கதிரால் பலகை வெட்டும் மெஷினில், அதே சாவிக்கொத்து இரண்டு மூன்று நிமிடத்தில் கைக்கு வந்துவிடும். அதனால் லேசர் என்று முடிவானது. எந்த லேசர் என்பதில்தான் மூன்று மாதம் போனது.

மேசைமேல் வைக்கிற அளவில் பெரும்பாலும் கிடைப்பவை இரண்டு சாதி. ஒன்று டையோடு லேசர், சின்னச் சில்லிலிருந்து வரும் 450 நானோமீட்டர் நீல ஒளி. இன்னொன்று கண்ணாடி டியூப்புக்குள் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை வைத்து, 10.6 மைக்ரோமீட்டரில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைத் தருவது. இரண்டாவதில் 'கே40' என்று உலகம் முழுக்க அழைக்கப்படும் நீலப் பெட்டிதான் பிரபலம். வெட்டும் இடம் ஏறக்குறைய 300க்கு 200 மில்லிமீட்டர், பெயரளவில் 40 வாட். அதில் இருக்கும் 70 சென்டிமீட்டர் டியூப்புக்கு உண்மையான 40 வாட் கொஞ்சம் அதிக ஆசை.

வாட் கணக்கில் டையோடு பக்கமும் யோக்கியம் இல்லை. பெட்டியில் கொட்டை எழுத்தில் '40 வாட்' என்று போட்டிருப்பார்கள். உள்ளே படித்தால் அது இழுக்கிற மின்சாரம், வெளியே வரும் ஒளி 5 வாட்தான். 'ஆப்டிகல் பவர்' எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். 5 வாட்டில் மரத்தில் படம் வரையலாம். வெட்டுவது பொறுமைக்குச் சோதனை. 10 வாட் பரவாயில்லை. நாங்கள் எடுத்தது நாலு டையோடுகளின் ஒளியைச் சேர்த்துத் தரும் 20 வாட், மூடிய பெட்டி வகை.

மூடிய பெட்டி என்பதில் எனக்கு இரண்டாவது யோசனையே வரவில்லை. நாலு கம்பியும் ஒரு தலையுமாக இருக்கும் திறந்த வகை மலிவு, வீட்டில் தனியாக வேலை செய்பவருக்குச் சரி. 450 நானோமீட்டருக்கு என்று எழுதிய பாதுகாப்புக் கண்ணாடியைக் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும். பள்ளியில் 40 பிள்ளைகளுக்கும் கண்ணாடி மாட்டி, ஒருவன்கூடக் கழற்றாமல் பார்த்துக்கொள்ள யாரால் முடியும்? நீல ஒளி விழித்திரை வரை போகும். கண் சிமிட்டுவதற்குள் காரியம் முடிந்துவிடும். மூடியைத் திறந்தால் லேசர் நிற்க வேண்டும். அது இல்லாத எதையும் வகுப்பறைக்குள் கொண்டுவராதீர்கள்.

இனி டியூப் மெஷின் எங்கே ஜெயிக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டான தெளிந்த அக்ரிலிக்கை டையோடால் வெட்ட முடியாது. நீல ஒளி அதற்குள் புகுந்து மறுபக்கம் போய்விடும், ஜன்னல் வழியாக வெயில் வருவது மாதிரி. கருப்பு அக்ரிலிக் வெட்டும். தெளிந்ததும் நீல நிறத்ததும் வெட்டாது. டியூப் மெஷினோ தெளிந்த அக்ரிலிக்கை வெண்ணெய் மாதிரி வெட்டும், ஓரம் தேய்க்காமலே பளபளக்கும். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையிலும் அதுதான் வேகம். எங்கள் வேலையில் பெரும்பகுதி எம்டிஎஃப், அட்டை, துணி, அப்புறம் கொஞ்சம் தோல். அக்ரிலிக் வருடத்துக்கு இரண்டு தடவை. டையோடுக்கும் ஒரு தனிச் சலுகை உண்டு: ஸ்டீல் டம்ளரில் பெயர் பொறிக்கும். சாதாரண டியூப் மெஷினால் வெறும் ஸ்டீலில் ஒன்றும் செய்ய முடியாது, மேலே ஏதாவது பூச்சு பூசினால்தான்.

இவ்வளவும் எந்த வீடியோவிலும் கிடைக்கும். என்னை முடிவெடுக்க வைத்தது வேறு விஷயம்: டியூப்பைக் குளிர்விக்க ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய தண்ணீர்.

திருநகரில் ஒரு தம்பி இருக்கிறார். பகலில் வேலை, ராத்திரியும் ஞாயிறும் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கே40 மெஷினோடு குடித்தனம். கொலு பொம்மைக்கு மண்டபம், கல்யாண வீட்டுக்குப் பெயர்ப்பலகை என்று நல்ல வேலைக்காரர். மார்ச் கடைசியில் ஒரு ஞாயிறு போய்ப் பார்த்தேன். மெஷினுக்குப் பக்கத்தில் பெயிண்ட் வாளி. அதில் பத்து லிட்டர் தண்ணீர், மீன் தொட்டிக்குப் போடும் சின்ன மோட்டார், மீன் தொட்டித் தெர்மாமீட்டர். வாளிக்குள் ஐஸ் கட்டியாக உறைந்த குளிர்பான பாட்டில் இரண்டு மிதந்தன. டியூப்புக்குள் வாயு சூடானால் லேசர் பலம் குறையும், டியூப் சீக்கிரம் சாகும். 20 டிகிரியை ஒட்டித் தண்ணீர் இருந்தால் நல்லது, 25ஐத் தாண்டக் கூடாது என்பார்கள். நான் போனபோது 24. பத்து நிமிடம் ஒரு தேர்ச் சக்கரம் வெட்டினார், 26. ஃப்ரிட்ஜிலிருந்து அடுத்த பாட்டிலை எடுத்துவரப் போனார். "அண்ணே, ஃப்ரீசர்ல இப்ப மீன் வைக்க இடமில்லைன்னு வீட்ல தினம் சண்டை" என்றார்.

மதுரையில் மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தொடும். மொட்டைமாடி டேங்க் தண்ணீரில் கை வைக்க முடியாது. அறைக்குள்ளேயே 34, 35 இருக்கும்போது வாளித் தண்ணீர் எப்படி 20ல் நிற்கும்?

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கலாமே என்பீர்கள். அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. கே40 மெஷினோடு சேர்த்து விற்கும் மலிவான 'சிடபிள்யூ 3000' பெயரில்தான் சில்லர். உள்ளே ரேடியேட்டரும் ஃபேனும் மட்டும். அறை வெப்பத்துக்குக் கீழே தண்ணீரைக் கொண்டுபோக அதனால் முடியாது. அறை 35 என்றால் தண்ணீரும் 35க்கு மேல்தான். கம்ப்ரசர் வைத்த '5000', '5200' வகைதான் நம் ஊருக்கு உதவும். அதை வாங்கினால் மெஷின் விலையில் பாதி அதற்கே போய்விடும், மேசைக்கு அடியில் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் அளவு இடமும் போகும். ஐப்பசி மழையில் இன்னொரு வம்பு. குளிர்ந்த டியூப்பின் மேல் வியர்த்துவிடும், ஐஸ் தண்ணீர் சொம்பில் வியர்ப்பது மாதிரி. அந்த டியூப்பின் ஒரு முனைக்கு 15,000 வோல்ட்டுக்கு மேல் போகிறது. ஈரமும் அவ்வளவு வோல்ட்டும் பக்கத்தில் இருப்பதை நான் பள்ளியில் வைத்துப் பார்க்கத் தயாரில்லை.

தண்ணீர் எந்தத் தண்ணீர் என்பதும் கேள்வி. எங்கள் பக்கம் போர் தண்ணீரில் கொதிக்க வைத்த பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அது டியூப்பின் சுவரிலும் படியும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தையும் கடத்தும். அதனால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்க வேண்டும், பாசி பிடிக்காமல் பார்க்க வேண்டும், ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இதை யார் செய்வது? வீட்டில் ஆர்வத்தில் செய்யலாம். பள்ளியில் நான் ஒரு வாரம் லீவு போட்டால் வாளியை யார் பார்ப்பார்கள்?

தம்பியின் டியூப் போன கதை இதோடு சேர்ந்ததுதான். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள். காலை ஒன்பதுக்குப் போன கரன்ட் மதியம் வந்தது. அவசரத்தில் மெஷினைப் போட்டு வேலையைத் தொடங்கியிருக்கிறார். மோட்டார் தனி பாக்ஸில் சொருகியது, அதன் சுவிட்ச் அணைந்தே இருந்திருக்கிறது. தண்ணீர் ஓடவில்லை என்றால் லேசரை நிறுத்தும் சென்சார் அவர் மெஷினில் கிடையாது. மூன்று நிமிடம் கழித்து வெட்டு மங்குவதைப் பார்த்துத்தான் புரிந்தது. பதற்றத்தில் மோட்டாரைப் போட்டார், ஐஸ் வாளித் தண்ணீர் கொதித்த கண்ணாடிக்குள் போனது. "டிக்னு ஒரு சத்தம்ணே, அவ்வளவுதான்." மெஷினுக்குள் தண்ணீர் வழிந்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கை வைத்தார், நல்ல புத்தி.

உடையாத டியூப்பும் நிரந்தரம் இல்லை. சாதாரண கண்ணாடி டியூப்புக்கு ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் மணி நேரம் என்பார்கள். ஓட்டாமல் அலமாரியில் வைத்தாலும் வாயு மெல்ல மெல்லக் குறையும். பள்ளியில் கோடை விடுமுறை முழுக்க மெஷின் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். புது டியூப் மாட்டினால் கதிரைத் திருப்பிவிடும் மூன்று கண்ணாடிகளையும் திரும்ப நேர்ப்படுத்த வேண்டும். ஒட்டுத்தாளில் சுட்டுப் பார்த்து, திருகைக் கால் சுற்று திருகி, திரும்பச் சுட்டுப் பார்த்து... தம்பிக்கு இரண்டு ராத்திரி ஆனது.

தண்ணீர் வாளியே இல்லாத நவீன வகைகளும் உண்டு. எக்ஸ்டூல் பி2 மாதிரி மெஷின்களில் குளிரூட்டல் உள்ளேயே அடைத்து வருகிறது. எங்கள் பட்ஜெட்டில் அது இல்லை. கிளோஃபோர்ஜ் பேசிக் வகைக்கு அறை வெப்பம் ஏறக்குறைய 24 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று கம்பெனியே சொல்கிறது, அதோடு இன்டர்நெட் இல்லாமல் வேலை செய்யாது. ஏசி அறையும் விடாத நெட்டும் உள்ள பள்ளி என்றால் அவற்றைப் பார்க்கலாம்.

எங்கள் டையோடு மெஷினுக்கு நான் செய்யும் பராமரிப்பு இவ்வளவுதான்: வாரக் கடைசியில் லென்சுக்கு முன்னால் இருக்கும் சின்னக் கண்ணாடியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைப்பது, பலகையைத் தாங்கும் தேன்கூட்டுத் தட்டைச் சுரண்டுவது, பெல்ட் தொய்ந்திருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்ப்பது. ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் இப்போது என்னைவிடச் சுத்தமாகச் செய்கிறார்கள். ஒரு தடவை துடைக்க மறந்தோம். 3 மில்லிமீட்டர் பலகை அடிவரை வெட்டவில்லை. பலம் போய்விட்டது என்று பயந்து துடைத்துப் பார்த்தால், பஞ்சு முழுக்கக் கரி. துடைத்ததும் பழையபடி வெட்டியது.

வெயில் டையோடுக்கும் ஆகாதுதான். மே மாதச் சிறப்பு வகுப்பில் மதியம் ஓட்டுவதில்லை, பதினொரு மணிக்குள் முடித்துக்கொள்கிறோம். டையோடு 10,000 மணி நேரம் வரும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வதை நான் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. எங்கள் மெஷின் இதுவரை 200 மணி நேரம்கூட ஓடியிருக்காது. இன்னொன்றும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: டியூப் போனால் அளவு பொருந்தும் எந்தக் கம்பெனி டியூப்பையும் மாட்டலாம், டையோடு தலை போனால் அதே கம்பெனியிடம்தான் கை நீட்ட வேண்டும். அந்த நாள் வரும்போது இந்தக் கட்டுரையை நானே திருத்த வேண்டி வரலாம்.

புகை இரண்டுக்கும் பொது. எம்டிஎஃப் பசை எரியும் வாடை லேசில் போகாது. முதல் வாரம் குழாயை ஜன்னல் வரை மட்டும் விட்டிருந்தோம். அடுத்த வகுப்புத் தமிழம்மா எட்டிப் பார்த்து, "என்ன சார், உள்ளே யாகமா?" என்றார். இப்போது ஜன்னல் பலகையில் ஓட்டை போட்டு, ஃபேன் வைத்து, கூரைக்கு மேலே விட்டிருக்கிறோம். பிவிசி ஷீட், ரெக்சின் இரண்டுக்கும் எந்த மெஷினிலும் தடை. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும்; அது ஈரம் பட்டால் அமிலம், நுரையீரலையும் மெஷினையும் சேர்த்து அரிக்கும். மெஷின் ஓடும்போது ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், கையில் தண்ணீர் ஸ்ப்ரேயோடு.

பிள்ளைகள் முதலில் கேட்டது ஆடுபுலி ஆட்டப் பலகை. 23 புள்ளி, மூன்று புலி, 15 ஆடு. கோடு பொறிக்க நாலு நிமிடம், காய்கள் வெட்ட பத்து நிமிடம். அடுத்தது மார்கழிக்குக் கோல அச்சு. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஏழு புள்ளிச் சிக்குக் கோலத்தைக் கணினியில் வரைந்து வெட்டினாள். பலகையைத் தூக்கியதும் நடுவில் இருந்த துண்டுகள் எல்லாம் பொலபொலவென்று தட்டில் விழுந்துவிட்டன. கோடு சுற்றி மூடினால் உள்ளே இருப்பது எதையும் பிடித்துக்கொள்ளாது, விழத்தானே செய்யும். அவளே யோசித்து, ஒவ்வொரு வளைவிலும் இரண்டு மில்லிமீட்டர் பாலம் விட்டு மறுபடி வெட்டினாள். மாவைத் தட்டியபோது பாலம் இருந்த இடமெல்லாம் வெள்ளைக் கோடு விட்டு விட்டு வந்தது. "அது விரலால இழுத்துக்கலாம் சார்" என்றாள்.

மெஷினே வாங்காமல் கடையில் கொடுத்து வெட்டி வாங்குவதும் ஒரு வழி. ஷீல்டு, பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் பெரிய டியூப் மெஷின் இருக்கிறது. வருடத்துக்கு நாலைந்து வேலைதான் என்றால் அதுவே லாபம். பிள்ளை தப்பாக வரைந்து, விழுந்த துண்டைப் பார்த்து, மறுபடி வரைவது மட்டும் கடையில் நடக்காது.

அறிவியல் கண்காட்சிக்குத் தெளிந்த அக்ரிலிக்கில் ஒரு பெரிஸ்கோப் பெட்டி வேண்டும் என்று பத்தாம் வகுப்பு கேட்டிருக்கிறது. தம்பி புது டியூப் மாட்டிவிட்டார், மோட்டாருக்கும் லேசருக்கும் ஒரே சுவிட்ச் வைத்துவிட்டார், சில்லர் மட்டும் இன்னும் வாங்கவில்லை. நேற்று ராத்திரி போன் செய்தேன். "ஷீட்ட எடுத்துட்டு காலைல ஆறு மணிக்கே வந்துருங்கண்ணே, வெயில் ஏறுனா தண்ணி நிக்காது. வரும்போது ஐஸ் பாட்டில் ரெண்டு இருந்தா கொண்டாங்க."