சிவகாசி அச்சகத்தில் ஒரு சர்வரும் இரண்டு விலாசக்காரர்களும்

ஆடி பிறந்தால் சிவகாசியில் காலண்டர் அச்சகங்களுக்குத் தூக்கம் கிடையாது. பதினெட்டாம் பெருக்கு அன்று அடுத்த வருஷத்து ஆல்பம் வெளியாகிவிட வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஏஜென்ட்டுகள் ஆர்டர் பிடிக்கக் கிளம்புவார்கள். சிங்கப்பூரிலிருந்து பத்து நாள் லீவில் நான் போய் இறங்கியபோது பெருக்குக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. சித்தப்பா வீட்டில் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் தம்பி, "அண்ணே, ஆபீசுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றான்.

அலுவலகம் சின்னது. ஒன்பது கம்ப்யூட்டர், ஒரு விண்டோஸ் சர்வர். டிசைன் ஃபைல்கள், டேலி, பார்ட்டிகளின் விவரம் எல்லாம் அந்த சர்வரில். கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே டொமைனில், அதாவது சர்வரே லாகினைச் சரிபார்க்கும் ஒரே குழுவில், சேர்ந்தவை. பத்து நாளாகத் தகராறு. சில கம்ப்யூட்டரில் இன்டர்நெட் பறக்கிறது, சர்வர் ஃபோல்டர் திறக்கவில்லை. வேறு சிலவற்றில் ஃபோல்டர் திறக்கிறது, வெப்சைட் இழுக்கிறது. நேற்று நன்றாக இருந்தது இன்று படுத்துவிடுகிறது. டிசைனர்கள் பென் டிரைவில் ஃபைலை எடுத்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் நடந்திருக்கிறார்கள். அந்தக் குழப்பத்தில் ஒரு முருகன் படத்தின் திருத்தாத ஃபைல் பிளேட்டுக்குப் போய், நான்கு பிளேட்டும் வீண். சித்தப்பா அந்த நான்கையும் சுவரோரம் சாத்தி வைத்திருந்தார். எதுவும் பேசவில்லை.

உள்ளூர் கம்ப்யூட்டர் கடையில் கேட்டதற்கு, சர்வர் பழசாகிவிட்டது, புதுசு வாங்குங்கள் என்று விலைப்பட்டியல் கொடுத்துவிட்டார்கள். "இடையில என்ன மாத்தினீங்க?" என்று தம்பியிடம் கேட்டேன். "ஒண்ணும் மாத்தலண்ணே. ஃபைபர் மட்டும் போட்டோம்."

கணக்குப் பார்க்கும் அக்காவின் கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு பெயருக்கு உரிய எண்ணை யாரிடம் கேட்பது என்று சொல்லும் டிஎன்எஸ் என்ற இடத்தில் 192.168.1.1, அதாவது புது ஃபைபர் மோடம். பக்கத்துக் கம்ப்யூட்டரில் 192.168.1.10, அதாவது சர்வர். மூன்றாவதில் யாரோ கையாலேயே 8.8.8.8 என்று போட்டிருந்தார்கள். விஷயம் அங்கேயே பிடிபட்டுவிட்டது.

ஒரு கம்ப்யூட்டர் எழுந்ததும் தனக்கு விலாசமாக ஒரு எண் கொடு என்று நெட்வொர்க் முழுக்கக் குரல் கொடுக்கும். எண்ணையும், டிஎன்எஸ் யார் என்பதையும் பதிலாகச் சொல்வதுதான் டிஹெச்சிபி. அந்த அலுவலகத்தில் இத்தனை வருஷமும் சர்வர் மட்டும்தான் பதில் சொல்லிவந்தது. பழைய மோடத்தில் அந்த வேலையை நிறுத்தி வைத்திருந்தார்கள். புது மோடம் அதைத் தானும் செய்யத் தொடங்கிவிட்டது. யார் முந்திக்கொள்கிறாரோ அவர் சொன்னதைக் கம்ப்யூட்டர் பிடித்துக்கொள்ளும். மோடத்திடம் எண் வாங்கிய கம்ப்யூட்டருக்கு வெளியுலக வெப்சைட் எல்லாம் தெரியும், அலுவலக டொமைனின் பெயர் மட்டும் தெரியாது. அந்தப் பெயரைத் தெரிந்தது சர்வரின் டிஎன்எஸ் ஒன்றுதான். கூகுளின் 8.8.8.8-ஐக் கேட்டாலும் அதே கதை.

லாகின் ஆகிறதே, ஃபோல்டர் மட்டும் ஏன் திறக்கவில்லை என்று தம்பி கேட்டான். முன்பு லாகின் செய்தவர்களின் விவரத்தை விண்டோஸ் தனக்குள் சேமித்து வைத்திருக்கும், வழக்கமாகப் பத்துப் பேர் வரை. சர்வரைப் பார்க்காமலே உள்ளே விட்டுவிடும். இதனால்தான் பழுது சர்வரில் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள்.

வெப்சைட் இழுத்ததற்குக் காரணம் சர்வரின் டிஎன்எஸ் அமைப்பில் இருந்தது. தனக்குத் தெரியாத பெயரைப் பழைய இன்டர்நெட் நிறுவனத்திடம் கேட்கும்படி அதில் போட்டிருந்தார்கள். இணைப்பு மாறியபின் அங்கிருந்து பதில் வருவதில்லை. ஒவ்வொரு முறையும் காத்திருந்து ஓய்ந்த பிறகுதான் வேறு வழி தேடும். அந்த இடத்தில் 8.8.8.8-ஐப் போட்டேன். அதற்கு உரிய இடம் அதுதான். கம்ப்யூட்டர்களில் இரண்டாவது டிஎன்எஸ் ஆகக்கூட வெளி எண்ணைப் போடக் கூடாது; விண்டோஸ் எப்போதாவது அதற்குத் தாவிவிடும், டொமைன் மறுபடியும் காணாமல் போகும்.

மோடத்தின் டிஹெச்சிபியை நிறுத்த வேண்டும். நமக்குக் கொடுத்த பாஸ்வேர்டில் அந்தப் பக்கமே திறக்கவில்லை. வாடிக்கையாளர் எண்ணை அழைத்து அரை மணி நேரம் எண்களை அமுக்கியபின் ஒரு பெண், மோடத்தை அணைத்துப் போடுங்கள் என்றார். சரி, நேரடியாக லைன்மேனைக் கூப்பிடலாம் என்று தம்பி போன் போட்டான். இருபது நிமிஷத்தில் பைக்கில் வந்து நின்றார். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். முதலில் ஃபைபரைக் கழற்றி மீட்டரில் செருகி என்னிடம் காட்டினார்: மைனஸ் 19. "லைட்டு அருமையா வருது அண்ணாச்சி" என்று சித்தப்பாவிடம் சொன்னார். தெருமுனையில் ஒட்டுப்போட்ட ஃபைபருக்கு அது நல்ல அளவு. முடிபோல மெல்லிய கண்ணாடி இழையைப் பைக் சீட்டின் மேல் வைத்து ஒட்டுகிறவர்கள் இவர்கள். அவ்வளவு சுத்தமான வேலை. நான் சொன்னதைக் கேட்டதும் தன் லாகினில் நுழைந்து டிஹெச்சிபியை நிறுத்திவிட்டு, "சர்வர் இருக்குன்னு அன்னைக்கே யாராச்சும் சொல்லிருந்தா அப்பவே ஆஃப் பண்ணிருப்பேண்ணே" என்றார். அவர் சொன்னது நியாயம். ஆனால் சொல்வதற்கு அங்கே யாருக்கும் தெரியாது. முதலில் சர்வரை அமைத்துக் கொடுத்தவர் மதுரைக்கே போய்விட்டார். பாஸ்வேர்டு ஒரு பழைய டைரியின் கடைசிப் பக்கத்தில் கிடந்தது. கோபம் வந்தால் எனக்கு இப்படி யாருக்கும் தெரியாமல் விட்டுவைக்கும் பழக்கத்தின் மேல்தான் வருகிறது.

அக்காவின் கம்ப்யூட்டர் மட்டும் அப்புறமும் முரண்டு பிடித்தது. கடிகாரம் பல வருஷம் பின்னால் இருந்தது. டொமைனில் சர்வருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அடையாளச் சீட்டை ஏற்காது. உள்ளே இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. கரன்ட் போனால் நேரமும் போய்விடும். வாட்ச் கடையில் சிஆர் 2032 என்று கேட்டு வாங்கி மாற்றினோம். ஜிஎஸ்டி தளம் திறக்கவில்லை என்று அவர் 20ஆம் தேதி ரிட்டர்னை வீட்டு லேப்டாப்பில் போட்டிருந்தார். தேதி தப்பாக இருந்தால் அதுபோன்ற பாதுகாப்பான தளங்களும் திறக்காது; அதற்கும் காரணம் இந்தப் பேட்டரிதான்.

மறுநாள் காலை, கையால் போட்டிருந்த 8.8.8.8-ஐ எடுத்துவிட்டு, ஒன்பது கம்ப்யூட்டரையும் ஒவ்வொன்றாக அணைத்துப் போட்டோம். ஒன்பதிலும் டிஎன்எஸ் 192.168.1.10. சர்வரின் எண், மோடத்தின் எண், டொமைன் பெயர், டிஹெச்சிபி கொடுப்பது யார், வெளியே கேட்பது எங்கே என்று நான் சொல்லச் சொல்ல, தம்பி ஆர்ட் கார்டு வெட்டுத் துண்டில் பெரிய எழுத்தில் அச்சடித்து சர்வர் இருக்கும் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினான். பாஸ்வேர்டு மட்டும் தனிக் கவரில் சித்தப்பாவின் பீரோவுக்குப் போனது. சாயங்காலம் திருத்திய முருகன் புதுப் பிளேட்டில் மிஷினில் ஏறினார்.